அம்பாசிடர் இன்ஜின் மக்கர் செய்தால்: மகனோடு சேர்ந்து கோளாறு கண்டுபிடிக்கும் வழி

இது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய அம்பாசிடருக்காக எழுதியது. எங்கள் வீட்டில் இருப்பது மார்க் 4, என் அப்பா வாங்கியது. வடசென்னை கொருக்குப்பேட்டையில் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, நானும் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனும் வேலை பார்க்கிறோம். கார்பரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது) டிஸ்ட்ரிபியூட்டரும் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) உள்ள எந்த நாலு சிலிண்டர் வண்டிக்கும், பிரீமியர் பத்மினி உட்பட, முறை இதுதான். அளவுகள் மட்டும் மாறும். டீசல் அம்பாசிடருக்குப் பொருந்தாது.

பதினாறு வயதுப் பையன் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இன்ஜின் கிடைக்காது. போனட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், இரண்டு கையும் உள்ளே நுழையும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. கரன்ட், பெட்ரோல், காற்று, அழுத்தம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று குறைந்தால்தான் வண்டி நிற்கும். அது எது என்று பையனே சோதித்துச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. அவனை டார்ச் பிடிக்க மட்டும் நிறுத்தி வைத்தால் ஒரு மாதத்தில் சலித்துப் போய்விடும். சோதனை அவனுடையதாக இருந்தால் அவனே நம்மை ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்புவான்.

இன்னொரு ஒழுங்கு: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பிளக், பாயின்ட் (காயிலின் கரன்ட்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்), கண்டென்சர் (பாயின்ட் கருகாமல் காப்பது), காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தருவது) என்று நாலையும் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடலாம்; எதனால் நின்றது என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த தடவை நடுரோட்டில் நிற்கும்போதும் தெரியாது.

தொடங்குவதற்கு முன்

கையில் கட்டிய கயிறு, கழுத்துச் சங்கிலி, தொங்கும் சட்டை எல்லாம் கழற்றிவிட வேண்டும். இந்த வண்டியின் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் ஓடுவது. இன்ஜின் சுற்றும்வரை அதுவும் சுற்றும். லுங்கி கட்டிக்கொண்டு போனட் பக்கம் குனியவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கல்லும் கொடுக்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றும் நாளில் பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடக் கூடாது, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

முன்பக்க ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டை விரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் கை தானாக விலகும். கட்டை விரலைச் சுற்றிப் பிடித்தால் எலும்பு முறியும். இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். "தெரியும்ப்பா" என்பான். ஆனாலும் சொல்வேன்.

ஸ்டார்ட் செய்து பார்க்க டிரைவர் சீட்டில் அவன் உட்காரலாம், நியூட்ரல், ஹேண்ட்பிரேக். ரோட்டில் ஓட்டுவது பதினெட்டு வயது முடிந்து லைசென்ஸ் வாங்கிய பிறகு. 2019 திருத்தச் சட்டப்படி, சிறுவர் ஓட்டினால் பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

கழற்றும் முன் போனில் ஒரு படம். வயருக்கு டேப் ஒட்டி நம்பர். நட்டு போல்ட்டுக்குத் தனித்தனி டப்பா. அவ்வளவுதான்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று விளக்கைப் பார்க்க வேண்டும்.

விளக்கு அப்படியே பிரகாசமாக இருந்தால் கரன்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போகவே இல்லை. சுவிட்ச், சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்), இடையில் உள்ள வயர் இவற்றைப் பாருங்கள். விளக்கு மங்கி அணையப் பார்த்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை, அல்லது செல்ஃப் மோட்டார் பல் சிக்கி நிற்கிறது. நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரியில் மல்ட்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

நம் பக்கத்தில், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, பேட்டரியை விட எர்த் வயர்தான் அதிகம் கெடுகிறது. கடல் உப்புக் காற்று செம்பு வயரின் முனையைப் பச்சைப் பொடியாக்கிவிடும். பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு பட்டை வயர் போகும், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சோதிப்பது சுலபம்: மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் கம்பத்தில், மறு முனை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இரண்டு முனையையும் எமரி போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பேட்டரி வயரைக் கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில்.

பல் சிக்கியிருந்தால் இக்னிஷனை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டங்' என்று விடுபடும். அடிக்கடி சிக்கினால் ஃப்ளைவீல் ரிங்கின் பல் தேய்ந்திருக்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

பழைய வண்டியில் அதிகம் வரும் கோளாறு இதுதான், பையனுக்கு அதிகம் கற்றுக்கொடுப்பதும் இதுதான். முதல் கேள்வி: கரன்ட்டா, பெட்ரோலா?

முதலில் கரன்ட். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே திரும்ப மாட்டி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, பிளக்கின் இரும்பு உடம்பை பிளாக்கில் ஒட்ட வையுங்கள். கழற்றிய துளைக்கும் கார்பரேட்டருக்கும் தள்ளியே வைக்க வேண்டும், அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். செல்ஃப் அடித்தால் நீல நிறத்தில், 'சட் சட்' என்று காதில் கேட்கும் பொறி வர வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் போதாது. வரவே இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு வயரைக் கழற்றி, பிளாக்குக்கு கால் அங்குலம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அங்கே பொறி இருந்தால் காயில் நன்றாக இருக்கிறது. குற்றவாளி மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டார், பிளக் வயர் ஆகியவற்றில் ஒன்று. அங்கேயும் இல்லையென்றால் பாயின்ட், கண்டென்சர், காயில்.

இதைப் பிரிக்க ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். இரண்டு வயர் மாட்டிய 12 வோல்ட் பல்பு. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெல்லிய வயர் போகும் டெர்மினலில் ஒரு முனை, எர்த்தில் மறு முனை. இக்னிஷன் ஆன் செய்து செல்ஃப் அடித்தால் பல்பு விட்டு விட்டு எரிய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் அழுக்கு. எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரன்ட் வரவில்லை, அல்லது கண்டென்சர் உள்ளுக்குள்ளே ஷார்ட், அல்லது பாயின்ட்டின் இன்சுலேஷன் வாஷர் உடைந்திருக்கிறது.

ஏன் அப்படி என்று பையன் கேட்பான், கேட்க வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் கரன்ட் ஓடுகிறது. பாயின்ட் திறந்ததும் அந்தக் கரன்ட் சட்டென்று அறுபட, இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்புகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல் பாடம் முழுக்க இந்தச் சின்ன டப்பாவுக்குள் இருக்கிறது. பாயின்ட்டைக் கையால் திறந்து மூடி, பொறி எப்போது வருகிறது என்று என் மகன் தானே பார்த்தான். "திறக்கும்போதுதான்ப்பா வருது, மூடும்போது வரல" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் கேமின் (மேடு உள்ள தண்டின்) உச்சியில் பாயின்ட்டின் கால் இருக்கும்போது அளக்க வேண்டும். ஃபில்லர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எண்ணெய் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு நுழையுங்கள். அந்த எண்ணெய்தான் அடுத்த வாரம் பாயின்ட்டைக் கருக்கும். இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பொறி வரும் நேரமும், மாறும்: அகலமானால் பாயின்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும். அதனால் பாயின்ட் செட் செய்த பிறகு டைமிங்கைப் பார்க்காமல் விடக் கூடாது. பாயின்ட் முகம் நீலமாகக் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்துப் பாருங்கள். பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், வெயில் வந்ததும் ஒன்றும் நடக்காதது போல ஓடினால் அது ஈரம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்பக்கம் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். கரன்ட் தப்பிப்போக அமைத்துக்கொண்ட பாதை அது, சுரண்டினாலும் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க நாற்பது தாண்டிய கண்ணை விடப் பையன் கண் நூறு மடங்கு மேல். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓட விட்டால், கசியும் பிளக் வயர்களில் பொறி ஊர்வதும் தெரியும்.

கரன்ட் சரி என்றால் அப்புறம் பெட்ரோல். காயிலின் கரன்ட் வயரைக் கழற்றிவிடுங்கள், பொறி வரக் கூடாது. கார்பரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு, பலமாகப் பீய்ச்ச வேண்டும். வரவில்லையென்றால் டேங்க், ஃபில்டர், குழாய், பம்ப் டயாஃபிரம் (பம்புக்குள் அசையும் ரப்பர் சவ்வு) என்று பின்னோக்கிப் போங்கள். வந்தால் பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது தேங்கினால் அது தண்ணீர்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் வரும் தொல்லை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. அம்பாசிடரின் ரப்பர் குழாயும் பம்ப் டயாஃபிரமும் அந்தக் காலப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. எத்தனால் பட்டால் பழைய ரப்பர் ஊறும், மெத்தென்று ஆகும், கடைசியில் வெடிப்பு விடும். குழாயை விரலால் நசுக்கிப் பார்க்கப் பையனிடம் சொல்லுங்கள். பிசுபிசுப்பாக இருந்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். சூடான சைலன்சர் குழாய்க்கு மேலே பெட்ரோல் சொட்டினால் வண்டியே போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். டயாஃபிரத்துக்கு வைட்டான் ரப்பர் கிடைத்தால் நல்லது.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் உட்காரும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கடலோரத்தில் மாதக்கணக்காகப் பாதி டேங்கோடு நிறுத்தி வைத்தால் இது நடக்கும், உள்ளே துருவும் ஏறும். வண்டியை வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள்; நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கார்பரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். புதிதாக இந்தப் பெட்ரோலுக்கு மாறிய பழைய டேங்கில் பல வருட அழுக்கு கரைந்து வரும், அதனால் ஆரம்பத்தில் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) பெட்ரோல்-காற்றுக் கலவை கொஞ்சம் மெலிந்துபோகும். பிளக் முகம் வெள்ளையாக, பிக்கப் போதாமல், கார்பரேட்டரில் 'பட்' என்று திருப்பி வெடித்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் ஜெட்டில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். காற்று அடித்துச் சுத்தம் செய்வது மட்டும்தான்.

சூட்டோடு நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை

காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போய், டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் ஆகாது. அரை மணி நேரம் கழித்துத் தானாக ஆகும்.

இதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டும் ஒரே மாதிரி நடக்கும். ஒன்று, பெட்ரோல் குழாய்க்குள் சூட்டில் ஆவியாகி அடைத்துக்கொள்வது. மற்றொன்று, சூடேறியதும் காயில் அல்லது கண்டென்சர் செத்துப்போய், ஆறியதும் பிழைப்பது. பிரித்துப் பார்க்க ஒரே நேரம் அது நிற்கும் அந்த நேரம்தான். வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும். ஆகவே டிக்கியில் பிளக் ஸ்பானர், ஒரு பழைய பிளக், ஒரு பாட்டில் தண்ணீர், துணி எப்போதும் இருக்கட்டும். நின்ற இடத்திலேயே பொறி பாருங்கள். பொறி இல்லையென்றால் காயில் பக்கம். பொறி பலமாக இருந்தால் ஈரத்துணியைப் பம்ப் மேலும் குழாய் மேலும் போட்டுச் சில நிமிடம் பொறுங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் விடை கிடைத்துவிட்டது. குழாயை சைலன்சர் குழாயிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், நடுவில் ஒரு தகடு வையுங்கள்.

ஓடுகிறது, ஆனால் மிஸ்ஸிங்

இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது, ரப்பர் பிடி பிளேயரால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி பிளாக்கில் எர்த் கொடுங்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் சத்தம் மாறும், இன்ஜின் தள்ளாடும். எதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இப்போது அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டர் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக். மாறாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அழுத்தம். வயர்களை மாற்றி மாட்டிவிடாமல் இருக்க, பொறி வரும் வரிசை 1-3-4-2, ரோட்டார் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும் என்று போனட்டின் உள்பக்கம் எழுதியே வைத்துவிடலாம்.

அழுத்தம் பார்க்க கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். நாலு பிளக்கையும் கழற்றி, காயிலை டிஸ்கனெக்ட் செய்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதை விட நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கும். நாலு எண்ணையும் தேதி போட்டுப் பையனை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

டேப்பெட் சத்தம்

மேலே 'டிக் டிக்' என்று தையல் மெஷின் மாதிரி கேட்டால் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடியிருக்கிறது. மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்தான், ஆனால் விடாதீர்கள். பையனோடு செய்ய இதைவிட அழகான வேலை இந்த இன்ஜினில் கிடையாது.

வால்வுகள் எட்டு, முன்னாலிருந்து 1 முதல் 8 என்று எண்ணுங்கள். ஒரு வால்வை அட்ஜஸ்ட் செய்ய அதன் கேம் முழுக்க ஓய்வில் இருக்க வேண்டும். அது எப்போது என்று கண்டுபிடிக்க ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது முதல் வால்வை செட் செய்யலாம். ஆறு அமுங்கினால் மூன்று, நாலு அமுங்கினால் ஐந்து, ஏழு அமுங்கினால் இரண்டு. இதையே திருப்பிப் போட்டால் மீதி நாலும் வந்துவிடும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. இதை நான் பாதி சொன்னதுமே என் மகன் மீதியைச் சொல்லிவிட்டான். ஏன் ஒன்பது என்று பேப்பரில் கேமின் வரிசையைப் போட்டு அன்று இரவு உட்கார்ந்திருந்தான்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜின் கையாலேயே சுற்றும். இடைவெளி 0.015 அங்குலம், 0.38 மில்லிமீட்டர். ஃபில்லர் கேஜ் லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஸ்குரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், பெரும்பாலும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சத்தம் போக வேண்டும் என்று இறுக்கி வைப்பது கெடுதல்: வால்வு முழுக்க உட்காராமல், சூடு இறங்க வழியில்லாமல், எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்துவிடும். கொஞ்சம் சத்தம் இருந்தாலும் இன்ஜின் பல வருடம் ஓடும்.

ஓவர் ஹீட்

பையனைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எப்போது சூடாகிறது? ஊர்ந்து போகும்போது மட்டும் ஏறி, வேகமாகப் போனால் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ச்சி, ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையில் தூசி. பெல்ட்டை நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. வேகமாகப் போகும்போது சூடேறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, தெர்மோஸ்டாட் திறக்காதது, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்வது. எப்போதும் சூடாக இருந்தால் டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வடசென்னையில் இதற்கு இன்னொரு காரணம் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடலோரப் பகுதிகளில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும், இரும்பு அரிக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடு அடைப்பான்கள் முதலில் ஓட்டை விழும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி கலந்து ஊற்றுங்கள். அவசரத்துக்கு வழியில் ஊற்றிய தண்ணீரை வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் நிறைய. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்பார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். சோதித்துப் பார்த்து, கெட்டிருந்தால் புதிது போடுங்கள். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். எந்த டிகிரியில் திறக்க வேண்டும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 82.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆறட்டும். ஆறிய பிறகும் தடித்த துணி போட்டு முதல் படி மட்டும் திருப்பி, அழுத்தம் வெளியேறிய பின் முழுக்க.

குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றுவது வீட்டில் செய்யக்கூடியதுதான். நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்தி, மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக டார்க் ரெஞ்ச்சில் இறுக்க வேண்டும். ஹெட் வளைந்திருந்தால் லேத்துக்குக் கொடுங்கள்.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் திரும்பவில்லை, ஃப்ளோட் ஊசி மூடவில்லை, ஏர் ஃபில்டர் அடைப்பு. நீலம் என்றால் ஆயில். ரேஸ் கொடுக்கும்போது நீலம் வந்தால் ரிங். காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது, அல்லது காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால் வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்). குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை இயல்பு. சூடான பிறகும் நிற்காமல், தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் மேலே சொன்ன ஹெட் கேஸ்கெட்.

அடியில் கனமாக 'கட கட'

ஆயில் லைட் எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், வீடுவரை ஓட்டிப் பார்க்க நினைக்காதீர்கள். ஆயில் அளவு சரியாக இருந்தும் சத்தம் வந்தால், ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பாருங்கள். ஒன்றைக் கழற்றியதும் சத்தம் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்). நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை பிளாக்கில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் சத்தம் வரும் இடம் தெரியும். பையன் ஃபேனிலிருந்து தள்ளி நின்று செய்யட்டும். கிராங்க், போர் வேலையெல்லாம் லேத்துக்குரியது. சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. கழற்றிய பார்ட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், பேரம் பேசப் பையனை விடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம் பக்கத்துத் தெருக்களில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது பல பேர் செய்தது தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்த்தது. அதைச் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முதலில் பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ பால் போலக் கலங்கியிருந்தாலோ தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பின் நட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர்தான் வரும், முழுக்க இறக்குங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றினால் துளைகள் வழியாகத் தண்ணீர் வெளியே வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். ஏர் ஃபில்டர், கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் காலி செய்து உலர்த்த வேண்டும். இதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் விட்டால் ரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் உலர்த்தக் கொடுங்கள். கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆயிலிலும் தண்ணீர் இருக்கும், அவற்றையும் இறக்குங்கள். பிரேக் டிரம்களைத் திறந்து துடைக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

இறக்கிய ஆயிலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றக் கூடாது. நம் தெருக் கால்வாய்த் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குத்தான் போகிறது, அதே டிசம்பரில் அங்கே எண்ணெய் படிந்து மீனவர்கள் பட்டபாடு நாம் பார்த்தது. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு ஸ்டார்ட் ஆன பிறகு, கால் மணி நேரம் ஐட்லிங்கில் ஓட விட்டு, அந்த ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். இன்னும் கலங்கல் இருந்தால் மறுபடி மாற்ற வேண்டும். முதல் தடவைக்கு விலை குறைந்த ஆயில் போதும். நல்ல ஆயிலைக் கலங்கல் இல்லாமல் தெளிவாக வரும்போது ஊற்றிக்கொள்ளலாம்.